செவ்வாய்க்கிழமை மயக்கம்

1

இதை எழுதலாமா வேண்டாமா என்று இருபது வருடங்களுக்கு மேல் தள்ளிப் போட்டிருக்கிறேன். இரண்டு தடவை நோட்டு வாங்கிப் பிள்ளையார் சுழி போட்டேன். அதற்குக் கீழே ஒரு வரியும் விழவில்லை. நான் பத்தாவதோடு நின்றவன். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டெழுத்து ஹையர் பாஸ் செய்தது ஒன்றுதான் மேற்படிப்பு. ஆனால் தயங்கியதற்கு அது காரணம் இல்லை. எழுதினால் நடந்ததை எழுத வேண்டும். அதில் நான் நல்லவனாக வரமாட்டேன். அதுதான் காரணம்.

போன மாதம் என் மகள் ஒரு கேக் துண்டு கொண்டுவந்தாள். அதை என்னால் தொட முடியவில்லை. இன்னும் வாயை மூடிக்கொண்டிருந்தால் முருகன் முன்னால் போய் நிற்க எனக்கு முகம் இல்லை என்று தோன்றிவிட்டது.

நாங்கள் சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறோம். பதினோராவது மாடி. நான், என் மனைவி சரோஜா, மகள் ரம்யா. ரம்யாவுக்கு நான்கு வயதாக இருக்கும்போது சென்னை அபிராமபுரத்திலிருந்து வந்தோம். இப்போது அவளுக்கு முப்பதாகிறது. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கோபம் வந்தால்தான் தமிழ் வரும், அதுவும் கடைசியில் ஒரு சிங்கப்பூர் 'லா' ஒட்டிக்கொண்டு. கோயிலுக்குக் கூப்பிட்டால் வருவாள். தீபாராதனை நேரத்தில் திரும்பிப் பார்த்தால், செருப்பு விட்ட இடத்தில் நின்று போனைத் தடவிக்கொண்டிருப்பாள்.

அவள் வேலை இது: புதிய மருந்துகளை மனிதர்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள் அல்லவா, அந்தச் சோதனைகளில் ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் விவரங்களைக் கம்ப்யூட்டரில் சரிபார்த்துச் சேர்ப்பது. சோதனை முடிந்ததும், இனி ஒருவரும் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாதபடி எல்லாவற்றையும் பூட்டிவிடுவார்கள். 'லாக்' என்று பெயர். அன்றைக்கு ஆபீஸில் கேக் வெட்டுவார்களாம். கேக்கின் மேல் சர்க்கரையில் ஒரு பூட்டு. எங்கள் வீட்டுக்கு வந்த துண்டில் பாதிப் பூட்டு இருந்தது.

"சாப்பிடுங்கப்பா. மூணு வருஷ ஸ்டடி. ஒரு க்வெரிகூட பாக்கி இல்ல. டேட்டா அவ்ளோ க்ளீன்."

"வேணாம்மா."

"முட்டை இல்லாததுப்பா. கேட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன்."

எனக்காகக் கேட்டு எடுத்து வந்திருக்கிறாள். அந்தப் பிரியத்துக்கு நான் சொன்ன பதில், தட்டைத் தள்ளிவைத்ததுதான். அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் முன்பே அவள் அப்பன் தி. நகரில் உட்கார்ந்து இதே வேலையைச் செய்தான் என்று அவளுக்குத் தெரியாது. 'டைப்பிஸ்டாக இருந்தேன்' என்று மட்டுமே சொல்லி வைத்திருந்தேன்.

2

தொண்ணூறுகளின் பின்பாதி. பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு தெருவில், பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்பார்கள். ஏசியும் கம்ப்யூட்டருக்காகத்தான். நாங்கள் குளிரில் நடுங்கினால் அது எங்கள் பாடு. ஆயுதபூஜைக்கு மானிட்டருக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்போம். நான் தினமுமே கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்காருவேன். ஒற்றிக்கொண்ட அதே கைதான் பிறகு அந்தக் காரியத்தையும் செய்தது.

வெளிநாட்டு மருந்துக் கம்பெனி ஒன்று ரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரையை அடையாறில் ஒரு கிளினிக் மூலம் சோதித்துக்கொண்டிருந்தது. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நோயாளிக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஒவ்வொருவருக்கும் வீட்டில் வைத்து எழுத ஓர் அட்டை கொடுப்பார்கள். நாளுக்கு ஒரு கட்டம். மாத்திரை போட்டதா, உடம்புக்கு ஏதாவது தொந்தரவா என்று அதில் எழுத வேண்டும். தமிழில்தான் எழுதுவார்கள். அந்தக் கையெழுத்துகளைப் படித்து ஆங்கிலத்திலும் எண்ணிலும் ஏற்றத்தான் என்னை வைத்திருந்தார்கள்.

ஒரே அட்டையை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். முதலில் நான். பிறகு, நான் அடித்ததைப் பார்க்காமல் பர்வீன். ராயப்பேட்டைப் பெண். இரண்டும் ஒத்துப்போனால் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும். ஒத்துப்போகாவிட்டால் சிவப்புக் கோடு. கோடு விழுந்தால் பர்வீன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்பாள்:

"அண்ணே, இது ஏழா ஒண்ணா?"

"ஏழும்மா."

"அந்த ஏழு கொஞ்சம் சாப்ட்டிருக்கலாம்ல? இவ்ளோ ஒல்லியா இருந்தா ஒண்ணுன்னுதான் அடிப்பேன்."

எங்கள் மேனேஜர் சுந்தரேசன், மயிலாப்பூர்க்காரர். நெற்றி நிறைய விபூதி. வாய் நிறைய ஒரே வார்த்தை, க்ளீன். "டேட்டா க்ளீனா இருக்கணும்யா. வெள்ளைக்காரன் நம்மாத்துக்குச் சாப்பிட வர்றான்னு நெனச்சுண்டு பண்ணு" என்பார். அன்று சிரித்தேன். இப்போது அந்த வார்த்தை என் மகள் வாயில் வந்தபோது காது கூசியது.

3

இங்கே சிங்கப்பூரில் பாலிகிளினிக்கில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன் ஒரு மெஷின் முன்னால் நின்று அடையாள அட்டையை வைக்க வேண்டும். கேள்விகள் வரும். காய்ச்சல் உண்டா? தலைச்சுற்றல் உண்டா? ஆம், இல்லை. மூன்றாவது கட்டம் கிடையாது. போன வாரம் எனக்கு இருந்தது தலைச்சுற்றலா, வெறும் வயிற்றோடு வந்த பசியா என்று எனக்கே தெரியவில்லை. பின்னால் வரிசை நீண்டது. ஒரு சீனக் கிழவர் தொண்டையைச் செருமினார். 'இல்லை' என்று தட்டினேன். மெஷின் பச்சையாகி நன்றி சொன்னது. தெரியவில்லை என்று சொல்ல ஒரு கட்டம் வைத்தால் அதற்கு என்ன கேடு?

எங்கள் காலத்திலும் அப்படித்தான். இருபத்து மூன்றாம் எண் என்று ஒரு நோயாளி. பெண், நாற்பத்தாறு வயது. அட்டையில் மாத்திரைக் கட்டமெல்லாம் டிக். தொந்தரவுக் கட்டத்தில் வாரத்துக்கு ஒருநாள் மட்டும் 'மயக்கம்'. எல்லா வாரமும் செவ்வாய்க்கிழமை. மற்ற நாளெல்லாம் வெறுமை.

இதற்கு வெளிநாட்டிலிருந்து ஒரு க்வெரி வந்தது. விவரத்தில் சந்தேகம் வந்தால் அவர்கள் கேட்கும் கேள்விக்குத்தான் க்வெரி என்று பெயர். மயக்கத்துக்குக் காரணம் என்ன? மருந்தாலா, வேறு எதனாலா? முறைப்படி டாக்டர் அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டு, கிளினிக்கிலேயே கம்ப்யூட்டரில் பதிலை அடித்து, டெலிபோன் லைன் வழியாக அனுப்ப வேண்டும். அதற்கென்று கிளினிக்குக்குப் புதுக் கம்ப்யூட்டரே கொடுத்திருந்தார்கள். அது உறையைக்கூடக் கழற்றாமல் கிடந்தது. பதிலை நாங்களே அடிப்போம். கிளினிக்கில் இதைக் கவனித்துக்கொண்ட ஷீலா என்ற பெண், டாக்டரிடம் கட்டாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுவாள்.

லாக்குக்கு மூன்று நாள் இருந்தது. ஷீலாவுக்குப் போன் போட்டேன்.

"சார், நாப்பது க்வெரிக்கு நான் எங்க சார் போய் பேஷண்ட்டத் தேடுவேன்? நீங்களே பாத்து ஏதாவது போட்டுடுங்க. டாக்டர் சைன் பண்ணிடுவார்."

அட்டையைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை. எங்கள் வீட்டில் சரோஜா முருகனுக்குச் செவ்வாய் விரதம் இருப்பாள். சாயங்காலம் பால் ஒரு டம்ளர், அவ்வளவுதான். நாலு மணிக்கெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். நாற்பத்தாறு வயதுப் பெண்ணுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் மயக்கம் வந்தால் வேறு என்ன இருக்க முடியும்? இதை வேறு யாரையாவது கேட்க வேண்டுமா? முகம் தெரியாத அந்த அம்மாவின் மேல் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது. வெள்ளைக்காரனின் கம்ப்யூட்டருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருக்கிறதே என்று ஒரு பெருமை வேறு. அடித்தேன்: 'செவ்வாய் விரதத்தால் மயக்கம். மருந்துக்குச் சம்பந்தம் இல்லை.'

பர்வீன் முறை வந்தது. அவள், 'காரணம் தெரியவில்லை' என்று அடித்தாள். சிவப்புக் கோடு.

"அண்ணே, விரதம்னு அட்டையில எங்க எழுதியிருக்கு?"

"எழுதணுமா என்ன? செவ்வாக்கிழமைன்னாலே தெரியுமேம்மா."

"எனக்குத் தெரியலயே."

"ஏன், உங்க வீட்ல நோன்பு வைக்கறதில்லையா? மயக்கம் வராது?"

"வரும். நான் வைக்கற நோன்ப நான் சொல்வேன். இவங்க ஒண்ணும் சொல்லலயே அண்ணே."

சுந்தரேசன் எழுந்து வந்தார். இரண்டு பதிலையும் பார்த்தார். "தெரியலைன்னு போட்டா அவன் திரும்ப ஒரு க்வெரி அனுப்புவாம்மா. இவர் போட்டிருக்கறதுல ஒரு பதில் இருக்கு. இதையே வெச்சுக்கோ" என்று என் வரியைத் தேர்ந்தெடுத்தார். சிவப்பு மறைந்தது.

மூன்றாம் நாள் பூட்டினார்கள். அங்கே கேக் இல்லை, மைசூர்பாகு. பர்வீன் தன்னுடையதைக் காகிதத்தில் சுற்றி மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள். நான் இரண்டு சாப்பிட்டேன்.

4

இரண்டு வாரம் கழித்து, பாக்கிக் கையெழுத்துகளை வாங்க அடையாறு கிளினிக்குக்குப் போனேன். ஷீலாவின் மேஜை முன்னால் ஓர் அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. பக்கத்தில் அவர் கணவர் நின்றபடி பேசிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் ஒரு சீப்பு.

"நாலு நாளா வந்துக்கினு கீறோம்மா. இந்த மாத்திர போட்டதுலர்ந்துதான் இதுக்குக் கிர்ருனு சுத்துது. லாரித் தண்ணி புடிக்கச் சொல்லோ குடத்தோட வியுந்துட்டுது. இன்னா ஆனாலும் கம்பெனியே வைத்தியம் பாக்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

ஷீலா ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள். "மாத்திரையால ஏதாவது ஆனாத்தான் கம்பெனி பாக்கும். உங்க மயக்கம் விரதத்தால வந்ததுன்னு ரெக்கார்டுலயே இருக்கே. டாக்டர் கையெழுத்தும் இருக்கு."

"விரதமா? இன்னா விரதம்?"

"செவ்வாய்க்கிழமை விரதம்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானா? நாலு இட்லி துன்னுட்டுதாம்மா மாத்திரையே வாயில போடுவேன். சாமி கும்புடுவேன், இல்லன்னு சொல்லல. அதுக்காகப் பட்னிலாம் கெடக்க மாட்டேன். விரதம்னு எவம்மா சொன்னான் உங்களுக்கு?"

நான் இரண்டடி தள்ளி ஃபைலோடு நின்றிருந்தேன். இருபத்து மூன்றாம் எண்ணுக்குக் கஸ்தூரி என்று பெயர் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஷீலா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"அப்போ செவ்வாய்க்கிழமை மட்டும் ஏன் மயக்கம்னு எழுதினீங்க, கஸ்தூரி?"

கணவர்தான் பதில் சொன்னார். "நான் மந்தவெளில சலூன்ல வேல செய்றேன். செவ்வாக்கெயமதான் எங்குளுக்கு லீவு. இதுக்கு எய்தப் படிக்கத் தெரியாது. லீவு அன்னிக்கு உக்காந்து ஒரு வாரத்து டிக்கு அல்லாத்தயும் நான் போட்டுருவேன். ஒடம்புக்கு இன்னா பண்துன்னு கேப்பேன். மயக்கம்னு சொல்லும். அன்னிக்குக் கட்டத்துல எய்திருவேன்."

"டெய்லியும் வர்றத டெய்லி எய்தணுமா?" என்றார் கஸ்தூரி. "ஒருவாட்டி சொன்னா பத்தாதா?"

செவ்வாய்க்கிழமை சலூன் திறக்காது என்று எனக்குத் தெரியாதா? சிறு வயதிலிருந்து எத்தனை செவ்வாய்க்கிழமை மூடிய கதவைப் பார்த்துத் திரும்பியிருப்பேன்? அட்டையைப் பார்த்தபோது அது நினைவுக்கு வரவில்லையே. என் வீட்டு விரதம்தானே வந்தது. அவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லையே.

ஷீலா என்னைப் பார்த்துவிட்டாள். "டேட்டா ஆபீஸ் சாரே வந்துட்டார். சார், ரெக்கார்டுல அப்படித்தானே இருக்கு?"

"ஆமா. அப்படித்தான் இருக்கு" என்றேன்.

பொய் இல்லை. ரெக்கார்டில் அப்படித்தான் இருந்தது. என் வாயிலிருந்து அதைவிட அசிங்கமான வார்த்தை இதுவரை வந்ததில்லை.

அந்த மனிதர், ஏழுமலை என்று பெயர், என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், நீங்க படிச்சவரு. நான் எய்தினது தப்புன்னா மன்னிச்சுக்கங்க சார். இனிமே டெய்லியும் எய்திடறேன். அவளுக்கு மட்டும் பாத்து ஏதாவது செய்ங்க."

தப்பு அவருடையது என்று அவரே எடுத்துக்கொண்டார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். கையெழுத்துகளைக்கூட வாங்கவில்லை.

5

ஆபீஸுக்குத் திரும்பி, செருப்பைக் கழற்றியதும் நேராகச் சுந்தரேசனிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டைத் திறந்து அந்த ஒரு வரியை மாற்ற வேண்டும் என்றேன்.

"பூட்டியாச்சேய்யா. திறக்கணும்னா அங்க லெட்டர் போடணும். ஏன் திறக்கணும், யார் தப்புன்னு கேப்பான். உம்ம பேரை எழுதட்டுமா?"

"எழுதுங்க சார்."

"அசடு மாதிரிப் பேசாதேயும். அவ சாப்ட்டது வெறும் மாத்திரையாவும் இருக்கலாம். வெறும் மாத்திரைக்கு மயக்கம் வருமா? உமக்குத் தெரியுமா?"

தெரியாது. இன்றுவரை தெரியாது.

"சிங்கப்பூர் ஆபீஸ் லிஸ்ட்ல உம்ம பேர் இருக்கு. ஞாபகம் இருக்கோன்னோ?" என்று சொல்லிவிட்டு ஃபைலைப் பார்க்கக் குனிந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் மயிலாப்பூர்க் கோயிலுக்குப் போனேன். சிங்காரவேலர் சந்நிதியில் கஸ்தூரி பெயருக்கு அர்ச்சனை. நட்சத்திரம் கேட்டார்கள். தெரியாது என்றேன். "பரவாயில்ல, சாமி பேருக்கே பண்ணிடறேன்" என்றார் குருக்கள். தேங்காய் மூடியைக் கையில் வாங்கியபோதுதான் நான் செய்வது எனக்கே புரிந்தது. கொடுக்க வேண்டிய சாட்சியை விட்டுவிட்டு, ஒரு தேங்காயில் கணக்கை முடித்துக்கொள்ளப் பார்த்தேன். அதுவும் முருகனிடமே.

மறுநாள் பர்வீனிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நீங்க லெட்டர் அடிங்கண்ணே. செகண்ட் என்ட்ரி நான்தானே? நானும் கையெழுத்துப் போடறேன். ரெண்டு பேர் சொன்னா அவங்க கேட்டுத்தான ஆகணும்?"

அடித்தேன். நடந்ததையெல்லாம் ஒரு பக்கத்தில் அடித்தேன். பர்வீன் படித்துப் பார்த்துக் கீழே கையெழுத்துப் போட்டாள். என் கையெழுத்துக்கு அவள் விட்ட இடம் அப்படியே இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்றேன். அவளும் சில நாள் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். 'இது ஏழா ஒண்ணா' என்று கேட்பதையும் விட்டுவிட்டாள். இரண்டு மாதத்தில் விசா வந்தது. மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் காலையில் அந்த லெட்டரைக் கிழித்தேன். பர்வீனின் கையெழுத்தோடு சேர்த்துக் கிழித்தேன்.

இங்கே வந்த பிறகு எத்தனை படிவம்! வேலை அனுமதி, வீடு, நிரந்தரவாசம், பிறகு குடியுரிமை. ஒவ்வொன்றின் அடியிலும், மேலே உள்ள விவரங்கள் எல்லாம் உண்மை என்று உறுதி கூறும் வரி. ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட்டேன். பேனா ஒருநாளும் நின்றதில்லை. நின்றிருக்க வேண்டும்.

6

கேக் வந்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை ரம்யாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சரோஜாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் விரதம் இதில் எப்படி மாட்டிக்கொண்டது என்று அவளுக்கும் அன்றுதான் தெரிந்தது. எழுந்து பூஜை அறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

ரம்யா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். முடிந்ததும் சொன்னாள்: "அப்பா, ஒரு பேஷண்ட். டேபிள்ல ஒரு ரோ. ஃபைனல் ரிசல்ட் மாறியே இருக்காது."

எனக்கு ஆத்திரம் வந்தது. சுந்தரேசன்கூட இவ்வளவு சுத்தமாகச் சொல்லவில்லை. "கை உடைஞ்சது ஒரு ரோவுக்கு இல்லம்மா. ஒரு மனுஷிக்கு" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அவள் தமிழிலேயே பேசினாள். கோபத்தில் இல்லை. "எங்க ஸ்டடில வர்ற பதிலெல்லாம் யார் எழுதறாங்கன்னு எனக்கும் தெரியாதுப்பா. கட்டம் நிறைஞ்சிருக்கான்னுதான் பாக்கறேன்."

"அந்தப் பழைய ஃபைல இப்ப யாராவது திறக்க முடியுமா?"

"வெச்சிருக்கறதுக்கு ஒரு கெடு உண்டுப்பா. அது முடிஞ்சா அழிச்சிடுவாங்க. அந்தக் காலத்து பேப்பரெல்லாம் இப்ப இருக்காது."

"அட்டையும்?"

"அட்டையும்."

ஆகவே பூட்டும் இல்லை, பூட்டி வைத்ததும் இல்லை. ஏழுமலை லீவு நாளில் உட்கார்ந்து எழுதியதும் இல்லை, நான் அடித்த பொய்யும் இல்லை. கஸ்தூரி அம்மாவுக்கு மயக்கம் வந்தது என்பதற்கு இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது என் ஞாபகம் ஒன்றுதான். எனக்கும் வயதாகிறது. அதனால்தான் எழுதிவிட்டேன்.

மந்தைவெளிப் பக்கம், அடையாறு பக்கம் இருப்பவர்கள் இதைப் படித்தால் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுங்கள். அந்த அம்மாவையோ அவர் கணவரையோ அறிந்தவர் ஒருவர் கையில் போய்ச் சேர்ந்தால் போதும். ஆனால் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் கொடுங்கள். தேதி இல்லாத இடத்தில் தேதி போடாதீர்கள். எனக்கு நினைவில்லை, அதனால் விட்டிருக்கிறேன். நிஜ மாத்திரையா வெறும் மாத்திரையா என்று நீங்களாக ஒரு முடிவுக்கு வராதீர்கள். பர்வீன் சொல்லாததை அவள் சொன்னதாகச் சேர்க்காதீர்கள். என் மேல் இரக்கப்பட்டு என்னை நல்லவனாக்க ஒரு வரியும் எழுதாதீர்கள்.

அந்த அம்மாவுக்கு மயக்கம் வந்தது செவ்வாய்க்கிழமை இல்லை. தினமும் வந்தது. தினமும் என்று எழுதியிருக்கிறேன். அதை அப்படியே கொடுங்கள்.